புயல் நாளில் ஏலகிரி: பலா மரத்து வீட்டில் இரண்டு இரவு

முன்பணம் கட்டிய தங்குமிடத்திலிருந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபோன் வந்தால் என் அனுபவத்தில் இரண்டில் ஒன்றுதான். மீதிப் பணத்தை இப்போதே போட்டுவிடுங்கள் என்பார்கள். இல்லாவிட்டால், உங்களுக்குச் சொன்ன அறையில் ஒரு சின்னப் பிரச்சினை என்று இழுப்பார்கள். 2022 டிசம்பர் 8ஆம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம் ஏலகிரியிலிருந்து வந்த ஃபோன் இந்த இரண்டிலும் சேரவில்லை.

"அக்கா, புயல் வருதுன்னு டிவில சொல்லிட்டே இருக்காங்க. நீங்க வர்றதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீடு கெட்டி வீடு. ஆனா சாமிமலை ஏற முடியாது. அத இப்பவே சொல்லிடறேன். மலை ஏறத்தான் வர்றீங்கன்னா இப்ப வராதீங்க, குடுத்த எட்டாயிரத்த அப்படியே திருப்பிப் போட்டுடறேன். சும்மா வந்து இருந்துட்டுப் போறோம்னா வாங்க."

சாமிமலை என்பது ஏலகிரியிலேயே உயரமான இடம், நாங்கள் ஏற நினைத்திருந்தது. இந்த ஃபோனுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

நாங்கள் புரசைவாக்கம், வேப்பேரி, அயனாவரம், பெரம்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பதினேழு பேர். கொரோனாவில் மூடிக்கிடந்த மெரினாவை 2020 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்களே, அந்த வாரம் ஆரம்பித்தது எங்கள் நடை. முதலில் மணல். அப்புறம் பரங்கிமலைப் படிகள். அப்புறம் திருக்கழுக்குன்றத்து 565 படி. இந்த வருடம் சோளிங்கர் 1,305 படியையும் எல்லோரும் ஏறி இறங்கினோம். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரம்பூர் சாருக்கு 71 வயது. அயனாவரத்துத் தம்பிக்கு 26. நான் டெலிபோன்ஸில் 32 வருடம் இருந்துவிட்டு 2020 ஜனவரி 31ஆம் தேதி விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள். டிசம்பரில் ஏதாவது ஒரு மலையில் இரண்டு இரவு தங்கி, கார்த்திகை விளக்கும் கிறிஸ்துமஸ் கேக்கும் ஒரே திண்ணையில் வைத்துக் கொண்டாடுவது எங்கள் வழக்கம்.

போன வருடம் வேறொரு மலையில், பெரிய வாசல் வைத்த ரிசார்ட் ஒன்றில் தங்கினோம். ஜெனரேட்டர் இருக்கிறது என்றார்கள். மழையில் கரண்ட் போனபோதுதான் அது ஆறு மாதமாக ஓடவில்லை என்று தெரிந்தது. மலைப்பாதைக்கு வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று என்றார்கள். காலையில் கிளம்பி நின்ற பிறகு, இல்லை என்றார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன அத்தனை பேர் உயிர் போன பிறகும் ஒருவர் அனுமதி விஷயத்தில் பொய் சொல்லுவாரா என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அங்கே பணம் போனதைவிட, எங்களிடம் சொல்லாமல் மறைத்தார்களே என்பதுதான் வலித்தது. அதனால்தான் அந்த வியாழக்கிழமை ஃபோனைக் கேட்டதும் என் மனது ஒரு நொடியில் இளகிவிட்டது.

குழுவில் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த ஃபோனில் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். நான்கு பேர் வரவில்லை என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது புயல் இரவில் கிளம்ப முடியாது என்பது நியாயம். பதின்மூன்று பேர் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ், ஜோலார்பேட்டையில் இறக்கம், அவர்களே சொல்லி வைத்திருந்த இரண்டு வண்டி. தூறல்தான், காற்று இல்லை.

ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது வள்ளல் பெயர்: கம்பர், கபிலர், ஔவையார், பாரி, காரி, ஓரி, பேகன் என்று. இந்தப் பெயர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு எழுதி வைத்த அலங்காரம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இந்த முறை வண்டி ஓட்டிய தம்பியின் ஃபோன் அடித்தது. "கபிலருக்கு மேல கல்லு உருண்டிருக்கு, ஓரமா வா" என்றது எதிர்முனை. ஊர்க்காரர்கள் அந்தப் பெயர்களை முகவரியாகவே வைத்துப் பேசுகிறார்கள். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீடு மங்களம் கிராமத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது; வாசலில் இரண்டு பெரிய பலா மரம், அதுதான் அடையாளம். கீழே ஓடு வேய்ந்த பழைய கட்டு, பக்கத்திலேயே பின்னால் கட்டிய மாடி. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு. நடத்துவது ஒரு தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், மாமனார் தாத்தா, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். வேலைக்கு வெளியாள் கிடையாது.

போய் இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், பதின்மூன்று பேருக்கும் ரப்பர் செருப்பு எடுத்துப் போட்டது. ஷூவை எல்லாம் கழற்றச் சொல்லி, உள்ளே பழைய தினத்தந்தியைக் கசக்கித் திணித்து, விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் வரிசையாக அடுக்கினாள். அடுப்புக்குக் குறுக்கே ஒரு கம்பிக் கொடி. நனைந்த துணி எதுவானாலும் அதில். மழைக்காலத்தில் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், சாப்பாடும் படுக்கையும் எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். மறுநாள் காலையில் ஈரக் காலுறையில் காலை நுழைப்பதுதான் தாங்காது. இரண்டு நாளும் எங்களுக்கு உலர்ந்த காலுறை கிடைத்தது. கொஞ்சம் புகை வாசனை அடித்தது. அந்தக் கொடியில் காய்ந்த சட்டையை வீட்டுக்கு வந்து துவைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அவள் கவனம் எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொன்று. அயனாவரத்துத் தம்பி இந்த வருடம் மாலை போட்டிருந்தார். கருப்பு வேட்டி, செருப்பு இல்லை, இரண்டு வேளை குளியல், தனிச் சமையல். முன்பதிவு செய்யும்போது இதை நான் ஒரு வரியில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் அவருக்கென்று புதுப் பாத்திரம், தனி மண்ணெண்ணெய் அடுப்பு, புதுப் பாய். "சாமிக்கு முதல்ல ஆக்கிட்டுத்தான் கோழியத் தொடுவேன், கவலப்படாதீங்க" என்றாள். சொன்னபடியே மூன்று நாளும் அவர் இலை போட்டு எழுந்த பிறகுதான் எங்கள் குழம்பு அடுப்பேறியது. பெரிய ஓட்டலில் இதைக் கேட்டால் 'வெஜ் இருக்கு சார்' என்று முடித்துவிடுவார்கள்.

வெள்ளி மத்தியானம் புங்கனூர் ஏரியைச் சுற்றி ஒரு நடை. படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். நாலரைக்கெல்லாம் வீட்டுக்காரர் குடையோடு வந்து "போதும்மா, காத்து திரும்புது" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காற்று அன்று இரவு வந்தது. மாண்டஸ் புயல் நள்ளிரவை ஒட்டித்தான் மாமல்லபுரம் பக்கத்தில் கரையேறியது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறோமே, மழை மட்டும்தான் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு மேட்டுநிலத்தில் காற்றுக்குத் தடுப்பு ஏது? பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஓடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், பலா மரம் முனகும் சத்தம், நடுநடுவே எங்கோ ஒரு தகரம் அறையும் சத்தம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா அடித்தபோது புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மேல் அறையில் இருந்த ஏழு பேரையும் தாத்தாவே வந்து கீழே இறங்கச் சொன்னார். கீழ்க் கட்டின் நடுக்கூடத்தில் எல்லோரும் பாய் விரித்தோம்.

ஃபோன் விஷயம் இங்கே முக்கியம். வீட்டுக்குள் சிக்னல் கிடையவே கிடையாது. கேட்டுக்கு வெளியே ஒரு மேடு, அங்கே நின்றால் ஒரு கோடு வரும். பதின்மூன்று பேரும் மாறி மாறி மழையில் ஓடிப் பேசுவது நடக்காது என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள். 1994 அக்டோபர் கடைசியில் சென்னையில் புயல் கரையேறியபோது டூட்டியில் இருந்தவள். ஒரு தாளில் பதின்மூன்று வீட்டு எண்களையும் எழுதி, படம் பிடித்து, என் மகளுக்கு ஒரே செய்தியாக அனுப்பினேன்: நாங்கள் பத்திரம், ஒவ்வொரு வீட்டுக்கும் நீ கூப்பிட்டுச் சொல், அவர்கள் சொல்வதை எழுதி ஒரே செய்தியாக எனக்கு அனுப்பு. இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, காலை ஆறு மணிக்கு ஒரு முறை என்று நேரம் குறித்துக்கொண்டோம். அந்த இரண்டு நேரமும் தங்கச்சியின் வீட்டுக்காரர் என்னோடு டார்ச் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். பலா மரத்தடி வழியாகப் போகவிடாமல் சுற்றிக் கூட்டிப்போனார். ஒன்பது மணிச் செய்தியில்தான், மெரினாவில் போன மாதக் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதையை அலை உடைத்துவிட்டது என்று தெரிந்தது. வேப்பேரி டீச்சரின் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அதன் வழியாகக் கடல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. டீச்சர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

சனிக்கிழமை முழுக்க மழை. கரையேறிய புயல் வலுவிழந்து வட மாவட்டங்களின் மேலேயே நகர்ந்து போனது. அதாவது எங்கள் தலைக்கு மேலே. அந்த ஒரு நாளை அந்த வீடு எப்படி நடத்தியது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காலையில் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பத்து மணிக்கு வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் சாமைச் சோறு, கொள்ளு ரசம், அவரைக்காய்ப் பொரியல், நாட்டுக்கோழிக் குழம்பு. சாமை இந்த வருடத்து விளைச்சல், அவர்கள் சொந்தத்தில் விளைந்தது. டீச்சரும் நானும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு முறை கல் அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டி, மேலாக வரும் தானியத்தைக் கையால் வழித்து, அடியில் தங்கும் மணலை விட்டுவிடுகிறாள். ஒரு வாய்கூட நறுக்கென்று கடிபடவில்லை. சென்னையில் நான் வாங்கும் பாக்கெட் சாமை கஞ்சி மாதிரிக் குழைந்துவிடும். இது பருக்கை பருக்கையாக நின்றது. காரணம் கேட்டேன். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் சாமையைப் போட வேண்டுமாம். முக்கால் பதம் வெந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் மூடி வைத்தால் தானாகப் பொங்கிக்கொள்ளுமாம். வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பைச் சிறியதாக்கி அப்படியே செய்து பார்த்தேன், சரியாக வந்தது. எங்கள் குழுவில் சர்க்கரைக்காரர்கள் ஐந்து பேர். அவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

கோழிக் குழம்பில் மட்டும் காரம் அதிகம். வயதானவர்களுக்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னதும் குறைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குமேல் சிறுசுகளுக்கு உட்கார முடியவில்லை. வீட்டுக்காரர் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வந்தார். குடை ஒன்றுக்கும் உதவவில்லை, திரும்பிக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் கோட்டு போட்டவர்கள் வேர்வையில் நனைந்தார்கள், போடாதவர்கள் மழையில் நனைந்தார்கள். திரும்பி வந்தபோது அண்டா நிறைய வெந்நீரும் சுக்குமல்லிக் காபியும் தயாராக இருந்தன.

இனி விளக்கு.

கார்த்திகை தீபம் அந்தச் செவ்வாய்க்கிழமை, 6ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனால் கார்த்திகை மாதம் முடியும்வரை வாசலில் தினமும் விளக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தக் காற்றில் எப்படி வைப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் பழைய மண்சட்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாய் வீட்டைப் பார்க்கும்படி வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு சட்டிக்குள்ளும் ஓர் அகல். காற்று சட்டியின் முதுகில் மோதிப் போய்விடுகிறது. உள்ளே சுடர் கொஞ்சம் ஆடுகிறதே தவிர அணையவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் விளக்கே தெரியாது, வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்கு மட்டும் தெரிந்தது. வழக்கமாக அவள் வைப்பது இரண்டு. அன்றைக்கு எங்களுக்காகப் பதின்மூன்று சட்டி தேடி எடுத்திருந்தாள். ஆளுக்கு ஒன்றாக ஏற்றினோம். பெரம்பூர் சார், மனைவி போன பிறகு வரும் முதல் கார்த்திகை என்பதால், வீட்டில் விளக்கே ஏற்றவில்லை என்று அப்போதுதான் சொன்னார். ஏற்றிவிட்டு அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் அக்டோபரிலேயே பழத்தை ஊறப் போட்டுச் செய்த பிளம் கேக், அவர் அக்கா கொடுத்தனுப்பிய கல்கல் பலகாரம், அந்த வீட்டுத் தங்கச்சி தீபத்துக்குப் பிடித்து மீதி வைத்திருந்த பொரி உருண்டை எல்லாம் ஒரே தாம்பாளத்தில். சாமிக்கென்று முட்டை போடாத ஒரு கேக் தனியாக. ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் போகாமல் ஒரு பரிசு, செய்தித்தாளில் சுற்றி, சீட்டுக் குலுக்கி எடுப்பது எங்கள் முறை. அந்த வீட்டுப் பையனும் ஒரு சீட்டு எடுத்தான். அவனுக்கு நான் வாங்கிவந்த டார்ச் விழுந்தது. அந்த இரவில் அதைவிட மதிப்பான பரிசு இல்லை. டீச்சரும் ராயபுரம் அண்ணனும் இருட்டில் இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். ஓட்டில் மழை விழும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

எட்டரை மணி இருக்கும், மழை திடீரென்று நின்றது. தாத்தா எழுந்து அடுப்படிக்குப் போனார். எங்கள் ஷூக்களுக்கு நடுவிலிருந்து, பரணில் இருந்த ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தார். மாவளி! தீபத்துக்குப் பேரனுக்காகக் கட்டியதில் மீதி இரண்டு. அன்றைக்கும் தூறியதால் சுற்றாமல் வைத்துவிட்டாராம். பரணில் இருந்ததால் ஈரம் ஏறவில்லை.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் எரித்து, மண் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, துணியில் வைத்துச் சுருட்டி இறுகக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் செருகி, நீளக் கயிறு போடுவார்கள். முனையில் ஒரு தணல் வைத்து ஊதி, தலைக்கு மேலே சுற்ற வேண்டும். வட மாவட்டத்துக் கிராமங்களில் கார்த்திகை என்றால் இதுதான். மலையில் பனை குறைவு. தாத்தா பனம்பூவைக் கீழே, மலையடிவாரத்துப் பொன்னேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தாராம்.

முற்றத்தில் எல்லோரையும் சுவரோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டு அவர் சுற்ற ஆரம்பித்தார். முதல் இரண்டு சுற்றில் ஒன்றுமில்லை, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். வேகம் ஏற ஏற உஸ்ஸென்ற சத்தத்தோடு பொறி கொட்டத் தொடங்கியது. வட்டம் முழுசாக மூடிக்கொண்டு, தாத்தா அந்தப் பொன் வளையத்துக்குள் நின்றார். பொறி எல்லாம் ஈர மண்ணில் விழுந்து விழுந்து அணைந்தது. கரண்ட் இல்லை, ஊர் முழுக்க இருட்டு, மேகம் கூரைக்கு மேலே நிற்கிறது. நடுவில் இது ஒன்றுதான் வெளிச்சம். என் அப்பா செய்யாற்றுப் பக்கத்துக்காரர். அவர் கை பிடித்து நான் இதைப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான். நான் அழுதேன். இரண்டாவது மாவளியைத் தாத்தா சொல்லிக்கொடுக்க அயனாவரத்துத் தம்பி சுற்றினார். அது முடிவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

படுக்கப் போகும்போது ஆளுக்கொரு கம்பளி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பெயரில் வளைவு இருக்கும் மலையில் குளிரோடு படுக்கவிடுவார்களா என்று பெரம்பூர் சார் சொன்னார். கம்பளி சுத்தம், கனமாகவும் இருந்தது. ஆனால் தலையணை இலவம்பஞ்சு. மழை ஈரத்தில் புழுங்கல் வாசனை அடித்தது. நான் என் சால்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது, கரண்டும் வந்துவிட்டது. உடனே சிறுசுகள் நான்கு பேர், சாமிமலை ஏறிவிடலாமே என்று கிளம்பி நின்றார்கள். 4,300 அடிக்கு மேல் உயரம். அதற்காக இரண்டு மாதம் படி ஏறிப் பழகியவர்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிந்தது, எனக்கும் இருந்தது. வீட்டுக்காரர் அதற்குள் விடியற்காலையிலேயே மங்களம் தாண்டிப் பாதையைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு திரும்பியிருந்தார்.

"பாதையில தண்ணி ஓடுது. கல்லு எல்லாம் பிடி விட்டு ஆடுது. நேத்து வரைக்கும் கெட்டியா இருந்த கல்லு இன்னிக்கு இருக்காது. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"நாங்களே மெதுவாப் போயிட்டு வந்துடறோம் அண்ணா."

"போகக் கூடாது தம்பி. போனா உங்களத் தேடிக்கிட்டு நான்தான் வரணும். எனக்கும் ஒரு புள்ள இருக்கான்."

குரல் உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. அதற்குமேல் யாரும் பேசவில்லை. வழிகாட்டுவதற்கென்று நாங்கள் ஆளுக்கு நூறு ரூபாய் வீதம் கொடுத்திருந்த 1,300 ரூபாயை நாங்கள் கேட்காமலேயே கணக்கில் கழித்துவிட்டார். அதற்குப் பதில் நிலாவூர் ரோட்டில் ஒரு நீண்ட நடை கூட்டிப்போனார். அதற்குக் காசு வாங்கவில்லை. இறங்கும்போது வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். மேகம் கிழிந்த இடத்தில், கீழே ஜோலார்பேட்டைத் தண்டவாளம் பளபளவென்று தெரிந்தது.

இப்போது குறைகள். அங்கேயே அவர்களிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்ல வேண்டும்.

மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. வெளிப்பக்கமாகப் போகும் சிமெண்ட் படி, பாசி பிடித்திருந்தது. வெள்ளி இரவு இருட்டில் ஏழு பேரைக் கீழே இறக்கியபோது ராயபுரம் அண்ணன் கால் வழுக்கி முழங்கை சிராய்த்துக்கொண்டார். அந்த வீட்டில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் இதுதான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள் இதை எப்படி விட்டார்கள்? முழங்கால் வலிக்காரர்கள் கீழ் அறைதான் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். கழிவறை மூன்று, அதில் ஒன்றுதான் உட்காரும் வகை. காலை நேரத்தில் பதின்மூன்று பேருக்குப் போதவில்லை. கீசர் இல்லை, விறகில் காய்ச்சிய வெந்நீர் வாளியில் வரும். எனக்கு அது குறையாகப் படவில்லை, சிலருக்குப் படலாம். இன்வெர்ட்டர் இரண்டு பல்புக்கு மட்டும்தான், அதுவும் சனி மத்தியானத்தோடு தீர்ந்தது. இதையும் அவள் முன்பே சொல்லியிருந்தாள். சிக்னல் இல்லாததால் ஜீபே வேலை செய்யாது, ரொக்கமாகக் கொண்டுபோங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மரம் விழுந்தால் வளைவுப் பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள், சாப்பாடு எல்லாம் சேர்த்து. பதின்மூன்று பேருக்கு இரண்டு நாள் 39,000. சுக்குக் காபி எத்தனை முறை குடித்தோம் என்று எனக்கே தெரியாது. எதையும் தனியாக எழுதவில்லை. ஏ.சி.யும் நீச்சல் குளமும் தேடுபவர்களுக்கு இந்த வீடு வேண்டாம். சாமிமலை ஏறியே ஆக வேண்டும் என்பவர்கள் பனி இறங்கிய பிறகு, தை மாசியில் போங்கள். எங்களை மாதிரி, வயதானவர்களும் இளையவர்களும் கலந்த குழுவாக, ஐப்பசி கார்த்திகையில் எங்காவது போயே தீர வேண்டும் என்றால் நான் இந்த வீட்டைத்தான் சொல்வேன். விவரம் வேண்டுபவர்கள் என்னைக் கேளுங்கள், அவளிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மேல் அவள் எடுப்பதில்லை.

ஞாயிறு இரவு பிருந்தாவனில் சென்ட்ரல் வந்து சேர்ந்தோம். புரசைவாக்கம் ஹைரோடு வரை ஆட்டோ விழுந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றித்தான் போனது.

இதை எழுதி முடித்து வைத்திருந்தேன். நேற்று மார்கழிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், அவளிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. மாடிப்படி, பாசி எல்லாம் சுரண்டி வெள்ளை அடித்து, ஓரத்தில் நீள இரும்புக் குழாய். தாத்தா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே ஒரு வரி: "அக்கா, அண்ணன் முழங்கை ஆறிடுச்சா?"